கிளாடியேட்டர் வாளை எவ்வளவு நீளம் வெட்டுவது?

திண்ணைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சில்லறையாகத் தெரியலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். மகன் ஆறாம் வகுப்பு. பள்ளியில் மாறுவேடப் போட்டி. வழக்கமான வேடம் எதுவும் வேண்டாமாம், அரங்கில் கூட்டத்துக்கு முன்னால் ஆயுதச் சண்டை போட்ட ரோமானிய கிளாடியேட்டராகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். சரி என்று ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஒரு மீட்டர் நீளத்துக்கு வாள் வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டி வைத்தேன். எனக்கென்னவோ கம்பீரமாகத்தான் தெரிந்தது. நேற்று மச்சான் வந்தார், கையில் எடுத்துப் பார்த்தார், "இது ராஜா ராணி படத்து வாள், ரோமானியன் வாள் இதில் பாதிதான்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பையன் அதிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறான்.

மச்சான் சொன்னது சரியா? சரி என்றால் ஏன் அத்தனை குட்டை வாளோடு சண்டை போட்டார்கள், நீளமாக வைத்திருந்தால் எட்ட நின்றே குத்தலாமே? அப்புறம் படங்களில் ஒருவன் வலையும் சூலமுமாக வருகிறானே, அது உண்மையா, சினிமாக்காரர்கள் சேர்த்துவிட்டதா? போட்டி அடுத்த வாரம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையசுவடி:

உங்கள் மச்சான் சொன்னது சரிதான், அவரிடம் அதை ஒப்புக்கொள்வதும் ஒப்புக்கொள்ளாததும் உங்கள் இஷ்டம்.

அந்த வாளுக்கு கிளாடியஸ் என்று பெயர். கிளாடியேட்டர் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான், வாள்காரன் என்று அர்த்தம். கி.பி. முதல் நூற்றாண்டில் புழங்கிய, பொம்பெயி (எரிமலையில் புதைந்த ரோமானிய நகரம்) வகை என்று இன்று சொல்கிற வாளில் இரும்புப் பகுதி மட்டும் 42 முதல் 50 சென்டிமீட்டர் வரைதான் இருக்கும். பிடியையும் அடிக்குமிழையும் சேர்த்தால் 65 வரும். அரங்கச் சண்டையைச் செதுக்கிய கற்களில் சில வாள்கள் அதைவிடவும் குட்டை, கத்தி என்றே சொல்லிவிடலாம். ஆகவே உங்கள் அட்டையில் மூன்றில் ஒரு பங்கைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். இரண்டு பக்கமும் கூர், விளிம்புகள் நேராக ஓடி நுனியில் மட்டும் முக்கோணமாகச் சேரவேண்டும்.

ஏன் குட்டை என்று கேட்டீர்கள். வாளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இது புரியாது, இன்னொரு கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். கிளாடியஸ் வைத்திருந்தவர்களில் முக்கியமானவன் முர்மில்லோ. அவன் இடதுகையில் ஸ்கூட்டம் என்ற பெரிய வளைந்த கேடயம் இருக்கும், தாடையிலிருந்து முழங்கால் வரை மறைக்கும், எடை ஏழெட்டு கிலோ வரும். அத்தனை பெரிய பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டு நீண்ட வாளைச் சுழற்றிப் பாருங்கள், ஒன்று உங்கள் கேடயத்திலேயே இடிக்கும், இல்லை கையை வெளியே நீட்டி எதிராளிக்குக் கொடுப்பீர்கள். குட்டை வாள் என்றால் கேடயத்தால் எதிராளியை நெட்டித் தள்ளிவிட்டு, ஓரத்தில் ஒரு கணம் கையை நீட்டிக் குத்திவிட்டு இழுத்துக்கொள்ளலாம். வலதுகையில் தோள் வரை துணியையோ தோலையோ அடுக்கிச் சுற்றியிருப்பார்கள், அதற்கு மனிகா என்று பெயர். வெளியே வருவது அந்தக் கைதான் என்பதால் அதற்குத்தான் உறை. இடதுகாலில் முழங்காலுக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கவசம். மேலே கேடயம் பார்த்துக்கொள்ளும் என்பதால் அதற்கு மேல் தேவையில்லை.

இப்போது இவனுக்கு எதிரே நிற்பவனைப் பாருங்கள். பெரும்பாலும் த்ரேக்ஸ், அதாவது திரேசியன் பாணிக்காரன். இவனுக்கு ஸ்கூட்டம் கிடையாது, பார்முலா என்ற சின்னக் கேடயம்தான், மார்பை மறைத்தால் அதிகம். கேடயம் சின்னது என்பதால் இரண்டு காலிலும் தொடை வரை உயர்ந்த கவசம் கொடுத்துவிட்டார்கள். வாள் சீகா. அதன் அலகு வளைந்திருக்கும், சில சிற்பங்களில் நடுவில் சட்டென்று மடங்கியது போலவே இருக்கும். இதைப் பார்த்தவுடன் அரிவாள் ஞாபகம் வரும், வராமல் இருக்காது, ஆனால் ஓங்கி வெட்டுவதற்கு அல்ல இது. பெரிய கேடயத்தின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் இருக்கிற தோளையோ விலாவையோ நுனியால் குத்துவதற்காகத்தான் அந்த வளைவு. பெரிய கேடயத்துக்கு எதிரி அந்தக் கோணல் கத்தி. ஆளையும் ஆயுதத்தையும் இப்படிப் பொருத்தித்தான் ஜோடி சேர்த்தார்கள். ஒருவனுக்குக் கொடுத்ததை மற்றவனுக்குக் கொடுக்காமல் விடுவது. இருவருக்கும் நெஞ்சும் வயிறும் வெறுமேனி. சண்டை இழுபறியாகவும் இருக்கவேண்டும், ஒரு கட்டத்தில் முடியவும் வேண்டும். ஒரே மாதிரி ஆயுதத்தோடு மோதியவர்களும் உண்டு, ப்ரோவொக்கேட்டர் என்கிறவன் பொதுவாகத் தன் வகையோடேதான் சண்டை போடுவான், மார்பில் சின்னத் தகடு கட்டியிருப்பவன் அவன்.

மகனுக்கு முர்மில்லோ வேடம் சுலபம். தலைக்கவசத்துக்கு மட்டும் மெனக்கெட வேண்டும், அகலமான விளிம்பும் மேலே மீன் துடுப்பு போல உயர்ந்த கொண்டையும்.

கழிமுகத்தான்:

வலைக்காரன் சினிமாவில் சேர்த்தது இல்லை திண்ணைவாசி, அவன் உண்மை. ரெட்டியாரியஸ் என்று பெயர், லத்தீனில் ரேட்டே என்றால் வலை. நான் சரித்திரம் படித்தவன் இல்லை, ஆனால் வலை பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு, எங்கள் அப்பா கழிமுகத்தில் வீச்சுவலை போட்டுத்தான் எங்களை வளர்த்தார். ரெட்டியாரியஸ் வைத்திருந்ததும் அதே சங்கதிதான். வட்ட வலை, ஓரம் முழுக்க ஈயக்குண்டு.

வீசிப் பார்க்காதவர்களுக்கு இது தெரியாது. வலையை அப்படியே தூக்கி எறிந்தால் துணிமூட்டை மாதிரி ஒரே இடத்தில் பொத்தென்று விழும். ஒரு பகுதியை முழங்கைமேல் போட்டு, ஒரு பகுதியைக் கையில் பிடித்து, இடுப்பைத் திருப்பி வீசினால்தான் குண்டுகள் வெளிப்பக்கம் ஓடி வலை பூவாக விரியும். இதற்கு இரண்டு கையும் வேண்டும், காலுக்கடியில் நிலையான இடம் வேண்டும், முக்கியமாக மீன் நம்மைத் திருப்பிக் குத்தக்கூடாது. எனக்கு ஒழுங்காக விரிய வைக்கவே ஒரு மழைக்காலம் போயிற்று. அவனோ ஒரு கையில் சூலத்தையும் ஒரு கத்தியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மட்டும் வலையைச் சுழற்றி, ஓடி வருகிற ஒரு ஆள்மேல் போடவேண்டும். தவறினால் இழுத்துக்கொள்ள மணிக்கட்டில் கயிறு கட்டியிருப்பார்கள் என்கிறார்கள், எங்கள் வலையிலும் உண்டு. ஆனால் அதே கயிற்றைப் பிடித்து எதிராளி இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தவறிப் போனதைப் பற்றி ஜுவெனல் என்ற ரோமானியக் கவிஞர் நக்கலாக எழுதிவைத்திருக்கிறார். கிராக்கஸ் என்ற பெரிய குடும்பத்து ஆள் ரெட்டியாரியஸாக இறங்கினாராம், வலையை வீசினாராம், விழவில்லையாம், அப்புறம் திறந்த முகத்தோடு அரங்கம் முழுக்க ஓடினாராம். திறந்த முகம் என்பதுதான் அங்கே கேலி. ரெட்டியாரியஸுக்குத் தலைக்கவசம் கிடையாது, யார் ஓடுகிறார் என்று ஊரே பார்த்துவிடும். கிளாடியஸ் மன்னர் (வாள் இல்லை, ஆள்) ரெட்டியாரியஸ்கள் விழுந்தால் கழுத்தை அறுக்கச் சொல்வார் என்றும், சாகும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கவே அப்படிச் செய்தார் என்றும் மன்னர்களின் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ் சொல்லியிருக்கிறார். முகம் தெரிகிற வகையாக இருந்தது அவனுக்கு இப்படியும் வினையாக வந்தது.

இவனுக்கு எதிரி செக்யூட்டர், துரத்துகிறவன் என்று பொருள். கிட்டத்தட்ட முர்மில்லோதான், தலைக்கவசம் மட்டும் வேறு. கொண்டை, விளிம்பு எதுவும் இல்லாமல் வழுவழுவென்று முட்டை மாதிரி இருக்கும், வலை மாட்டாமல் வழுக்கிப் போகவேண்டும். கண்ணுக்கு இரண்டு சின்ன ஓட்டைகள், சூலத்தின் பல் நுழையாத அளவுக்கு. ஆனால் அந்த ஓட்டை வழியாகக் காற்றும் அதிகம் நுழையாது, பக்கத்தில் வருகிறவனும் தெரியமாட்டான். ஆகவே அவனுக்கு அவசரம், சீக்கிரம் கிட்டே போய் முடிக்கவேண்டும். ரெட்டியாரியஸுக்கு அவசரமே இல்லை, சுற்றிச் சுற்றி ஓடினாலே அவன் மூச்சுவாங்கிப் போவான்.

மத்ரித் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஒரு மொசைக் இருக்கிறது, படத்தைத் தேடிப் பாருங்கள். இரண்டு அடுக்கு, கதையைக் கீழிருந்து மேலே படிக்கவேண்டும். கீழே கலெண்டியோ என்ற ரெட்டியாரியஸ் வலையை வீசிவிட்டான், அஸ்டியானக்ஸ் என்ற செக்யூட்டர் தலையிலிருந்து கால் வரை அதற்குள். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று தோன்றும். மேல் அடுக்கில் பார்த்தால் தரையில் கிடப்பது கலெண்டியோ, ரத்தம் வழிய, கத்தியை நீட்டிச் சரணடைகிறான். அஸ்டியானக்ஸ் ஜெயித்தான் என்று எழுதியிருக்கிறது. கலெண்டியோ பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு. செத்தான் என்பதற்கு அதுதான் குறி. வலைக்குள் சிக்கியவன் வலையோடே முன்னேறி வந்துவிட்டான் போலிருக்கிறது. என் வலையில் சிக்கிய பெரிய கொடுவா ஒன்று என்னையே தண்ணீருக்குள் இழுத்தது ஞாபகம் வந்தது.

திண்ணைவாசி:

அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. வாளை வெட்டிவிட்டேன், 65 சென்டிமீட்டர். கையில் பிடித்தால் இப்போதுதான் எடுப்பாக இருக்கிறது, முன்பு நுனி தரையில் தட்டியது.

ஆனால் படித்துக் காட்டியதும் பையன் கேள்விமேல் கேள்வி. வாள் உண்மையிலேயே கூர்மையாக இருந்ததா, இல்லை நாடகக் கத்தி மாதிரி மழுங்கலா? இவர்களில் பலர் அடிமைகள்தானே, அடிமை கையில் கூர்வாளைக் கொடுத்தால் அன்று இரவே முதலாளியைக் குத்திவிட்டு ஓடமாட்டானா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கும் நியாயமாகப் பட்டது.

நூலகப்பூனை:

மகன் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறான். பதில்: ஓடினார்கள். அதற்காகத்தான் ஆயுதத்தைப் பூட்டி வைத்தார்கள்.

கி.மு. 73, இத்தாலியில் கப்புவா நகரம், லென்டுலஸ் பாட்டியாட்டஸ் என்பவரின் பயிற்சிக்கூடம். ரோமை எதிர்த்து அடிமைக் கிளர்ச்சி நடத்திய ஸ்பார்டகஸும் கூட்டாளிகளும் தப்பித்தது அங்கிருந்துதான். புளூட்டார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதியபடி, இருநூறு பேர் திட்டம் போட்டார்கள், விஷயம் வெளியே கசிந்துவிட்டது, முந்திக்கொண்ட 78 பேர் தப்பினார்கள். கையில் என்ன ஆயுதம் தெரியுமா? சமையலறையில் எடுத்த வெட்டுக்கத்தியும் இறைச்சி வாட்டுகிற கம்பியும். நாள் முழுக்க வாள் பழகுகிற ஊரிலேயே சிறந்த வாள்காரர்கள், தப்பிக்கும்போது ஒரு வாள்கூடக் கையில் இல்லை. வழியில் வேறு ஊருக்கு கிளாடியேட்டர் ஆயுதங்களை ஏற்றிப்போன வண்டிகளைப் பார்த்து அவற்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்கு அப்புறம் நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். ரோம் அனுப்பிய படையை அடித்து உண்மையான போர்வீரர் ஆயுதங்கள் கிடைத்ததும், கிளாடியேட்டர் ஆயுதங்களைக் கேவலம் என்று சந்தோஷமாகத் தூக்கி எறிந்தார்களாம். பழையசுவடி மேலே விவரித்த அந்த அழகான ஜோடிப் பொருத்தம் இருக்கிறதே, அதைக் கையில் பிடித்தவர்களுக்கு அது பார்வையாளர்களுக்காகச் செய்த சாமான் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பயிற்சி எல்லாம் மரவாளில். நட்டுவைத்த ஒரு மரக்கம்பத்தை எதிராளியாக நினைத்து அடிக்கவேண்டும். படைவீரர்களுக்கு இதேபோல் பயிற்சி தந்ததைப் பற்றி எழுதிய வெகேஷியஸ், மரவாளும் பிரம்புக் கேடயமும் உண்மையானதைவிட இரண்டு மடங்கு எடையாக இருக்கவேண்டும் என்கிறார், அப்போதுதான் நிஜ ஆயுதம் கையில் லேசாகத் தெரியும். படைக்கும் கிளாடியேட்டர்களுக்கும் இந்த விஷயத்தில் கொடுக்கல் வாங்கல் உண்டு. கி.மு. 105-இல் ருட்டிலியஸ் ரூஃபஸ் என்ற கான்சல் (ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவி) ஒரு கிளாடியேட்டர் பயிற்சிக்கூடத்து ஆசான்களை வரவழைத்துப் படைக்கு வாள் சொல்லிக்கொடுக்க வைத்தார். மரவாளுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு, விடுதலை பெறுகிற கிளாடியேட்டருக்குக் கொடுப்பது அதைத்தான், ரூடிஸ் என்பார்கள். ரோமின் பெரிய அரங்கமான கொலோசியம் திறந்த கி.பி. 80-இல் பிரிஸ்கஸ், வேருஸ் என்ற இருவர் ஒருவரை ஒருவர் வெல்லமுடியாமல் நெடுநேரம் மோதி, இருவருமே ஒரே நேரத்தில் சரணடைய, டைட்டஸ் மன்னர் இருவருக்கும் ரூடிஸ் கொடுத்து அனுப்பியதாக மார்ஷியல் என்ற கவிஞர் பாடியிருக்கிறார்.

இனி கூர்மை. அரங்கத்துக்குள் வந்த ஆயுதம் கூர்மையானது, சண்டைக்கு முன் எல்லோர் எதிரிலும் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். இதே டைட்டஸ் பற்றி ஒரு கதை உண்டு. தன் பதவிக்குக் குறிவைத்துச் சதி செய்த இருவரைத் தண்டிக்காமல் விருந்துக்குக் கூப்பிட்டு, மறுநாள் கிளாடியேட்டர் காட்சியில் பக்கத்திலேயே உட்காரவைத்து, சோதிப்பதற்காகத் தன்னிடம் நீட்டிய வாள்களை அவர்கள் கையிலேயே கொடுத்தாராம். அவர்களுக்குக் கை நடுங்கியிருக்கும். திபெரியஸ் மன்னரின் மகன் டிரூசஸ் ரத்தப்பிரியர், மிகக் கூர்மையான வாளுக்கு டிரூசியன் என்றே பெயர் விழுந்தது என்று காசியஸ் டியோ என்ற சரித்திர ஆசிரியர் சொல்கிறார். நேர் எதிர் மார்க்கஸ் ஆரேலியஸ் மன்னர், அவர் முன்னிலையில் மழுங்கின ஆயுதம் மட்டும்தான்.

சண்டை முடிந்ததும் வாள் திரும்பப் போய்விடும். ஆயுதம் கிடைக்காமல் எவ்வளவு கட்டிவைத்தார்கள் என்பதற்கு செனெக்கா என்ற ரோமானியத் தத்துவவாதி சொல்கிற ஒரு சம்பவம் போதும், மகனுக்குப் படித்துக் காட்டவேண்டாம். விலங்குகளோடு மோதப் பழக்குகிற கூடத்தில் ஒரு ஜெர்மானியக் கைதி. காவல் இல்லாமல் தனியாக இருக்கவிட்ட ஒரே இடம் கழிப்பறை. அங்கே கழுவிக்கொள்ள வைத்திருந்த, நுனியில் கடற்பஞ்சு கட்டிய குச்சியைத் தொண்டைக்குள் திணித்துக்கொண்டு செத்தான்.

மண்சலித்தவன்:

பழையசுவடி சொன்னதில் ஒரு ஒட்டு. கிளாடியஸ் எப்போதும் 50 சென்டிமீட்டர் இல்லை. பேரரசர்கள் வருவதற்கு முந்தைய குடியரசுக் காலத்தில், ஸ்பெயினிலிருந்து எடுத்துக்கொண்ட வடிவத்தில், அலகு மட்டுமே 60-ஐத் தாண்டும். பின்னால்தான் குறைந்தது. ரோமில் முதல் கிளாடியேட்டர் சண்டை கி.மு. 264, புரூட்டஸ் பேரா என்பவரின் சாவுச்சடங்கில் மூன்று ஜோடி. பொம்பெயி அழிந்தது கி.பி. 79. இரண்டுக்கும் நடுவே முந்நூறு வருஷத்துக்கு மேல். முர்மில்லோ, ரெட்டியாரியஸ் எல்லாம் பேரரசுக் காலத்து வகைகள், முன்பு இருந்த சாம்னைட் என்ற வகை முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தோடு காணாமல் போய்விட்டது. ரோமானியர்களிடம் தோற்ற ஒரு இனத்தின் பெயர் அது. கம்பேனியா (கப்புவா இருக்கிற பகுதி) ஊர்க்காரர்கள் அந்த எதிரியின் ஆயுதங்களைத் தங்கள் கிளாடியேட்டர்களுக்குப் பூட்டி, அந்தப் பெயராலேயே கூப்பிட்டுப் பரிகசித்ததாக லிவி என்ற ரோமானிய சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறார். திரேசியனும் அதே மாதிரி, தோற்றவனின் வேடம்.

பொருளாக எது கிடைத்தது என்று கேட்டால், பொம்பெயியில் கிளாடியேட்டர்கள் தங்கியிருந்த கட்டடத்தை 1766, 1767-இல் தோண்டியபோது ஒரே இடத்தில் 15 தலைக்கவசங்கள் வந்தன, கால்கவசங்களும் வந்தன, ரெட்டியாரியஸ் இடதுதோளில் கட்டுகிற கலேரஸ் என்ற தகடும் வந்தது. பெரும்பகுதி இப்போது நேபிள்ஸ் அருங்காட்சியகத்தில். தகடு ஒன்றில் நண்டும் நங்கூரமும் செதுக்கியிருக்கிறது, கழிமுகத்தானுக்குப் பிடிக்கும். தலைக்கவசங்கள் சுமார் 4 கிலோ, படைவீரன் போட்டதைப்போல இரண்டு மடங்கு. நாள் முழுக்க நடக்கிற வீரன் அதைச் சுமக்கமுடியாது, சில நிமிஷம் சண்டை போடுகிறவன் சுமப்பான். புடைப்புச் சிற்பம் நிறைந்திருப்பதாலும் அடிபட்ட தழும்பு இல்லாததாலும் இவை ஊர்வலத்துக்கு மட்டும் போட்டவை என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, வெறும் அலங்காரத்துக்கு இத்தனை கனமான வெண்கலத்தை எதற்கு வீணாக்குவான்?

ஆயுதம் என்ன செய்தது என்பதை எலும்பில் பார்க்கவேண்டும் என்றால் எபேசஸ். இன்றைய துருக்கி. 1993-இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் அங்கே கிளாடியேட்டர்களின் இடுகாட்டைக் கண்டுபிடித்தார்கள், அறுபது பேருக்கு மேல், பெரும்பாலும் இருபதிலிருந்து முப்பது வயதுக்குள். சூலம் பதிந்த ஓட்டையோடு மண்டையோடு இருக்கிறது. ஆறிப்போன பழைய காயங்களும் நிறைய, அதாவது வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் சல்லடையாக வெட்டுப்பட்டு யாரும் இல்லை. படத்தில் காட்டுகிற கண்மூடித்தனமான வெட்டுக்குத்து இல்லை அது.

ஒரு விநோதமும் சொல்லிவிடுகிறேன். சிஸ்ஸர் என்று ஒருவகை. இடதுகையில் கேடயத்துக்குப் பதிலாக முன்கையை மூடுகிற இரும்புக் குழாய், அதன் முனையில் பிறைநிலா போல ஒரு கத்தி. வலையை அறுக்கத்தான் என்று நினைக்கிறார்கள்.

திண்ணைவாசி:

மண்சலித்தவன் ஐயா, அந்தப் பிறைக்கத்தியைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பையன் அதுதான் வேண்டும் என்று ஆரம்பித்தான். அரைமணி நேரம் பேசி வேறு வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ரெட்டியாரியஸாகப் போகிறான். காரணம் அவன் சொன்னது: தலைக்கவசம் இல்லையென்றால்தான் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கிராக்கஸ் கதையை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

பழைய கொசுவலையை வட்டமாக வெட்டி, ஓரத்தில் ஈயத்துக்குப் பதில் புளியங்கொட்டையைத் துணியில் முடிந்து தைக்கிறாள் வீட்டில். கழிமுகத்தான் அண்ணா, புளியங்கொட்டை கனம் போதுமா? நேற்று வீசிப் பார்த்தான், விரியவில்லை, மின்விசிறியில் மாட்டிக்கொண்டது.

கழிமுகத்தான்:

போதாது தம்பி. கூழாங்கல் முடிந்து பார். இடுப்பைத் திருப்பச் சொல், கையை மட்டும் ஆட்டினால் விரியாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு வீசச் சொல்.